ஏழு பட்டறைக்கு ஓர் அடுப்பு

ஆரணி சாயக்காரத் தெருவுக்கு எல்லப்பன் இரண்டு வழியாக வந்திருக்கிறான். சின்ன வயதில் பின்பக்கச் சந்து வழியாக, அங்கே விறகு பிளந்துகொண்டிருந்த அப்பன் காத்தவராயனுக்குச் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு வந்தான். இருபத்தாறு வயதில் முன்பக்கமாக வந்தான். அப்போது மடிப்புக் கலையாத சட்டை, தோளில் பை, பையில் சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று கொடுத்த அடையாள அட்டை. பட்டறைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவன் யாரென்று தெரியவில்லை. மீதிப் பேர் தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்துகொண்டார்கள். அந்த மட்டில் அவனுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

சேவூரைத் தாண்டி வயல்வெளிக்கு நடுவில் கொஞ்சம் மேடாகத் தெரியும் கொல்லமேட்டுக் காலனிதான் அவன் ஊர். அங்கிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். வேலூரில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்து வந்து இறங்கிய நாளில் பஸ் நிறுத்தத்துக்குக் காலனியே வந்திருந்தது. கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவை மழை ஒழுகாத இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும் என்று காத்தவராயன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நெடுநேரம் சுற்றிவந்தார். கடைசியில் நடுக்கம்பம்தான் வாய்த்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் சும்மா போயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்து ஆடு ஓட்டினான். அக்காள் மகள் சின்னபொண்ணைக் கட்டிவைத்தார்கள். பெரணமல்லூர் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து யாரோ, "எம்.ஏ. மேய்ச்சலுக்குப் போவுது பார்ரா" என்று தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போனதை அவன் வீட்டில் சொல்லவில்லை. படித்தவன் என்று ஊர் நிமிர்ந்து பார்க்கும்போது தன் முகத்தில் வாட்டம் தெரியக் கூடாது என்பதில் அவன் கவனமாக இருந்தான். கெட்ட சேதியை உள்ளேயே போட்டுப் புழுக்குகிற பழக்கம் அப்போதே அவனுக்கு வந்திருந்தது.

எழுபத்தொன்பதில் பேராசிரியர் அருணகிரியின் விளம்பரம் பேப்பரில் வந்தது. சிறு பட்டறைகளின் எரிபொருள் செலவையும் கழிவு நீரையும் சேர்த்து ஆராயக் கள ஆய்வாளர் தேவை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை. நேர்முகத் தேர்வில், இந்த ஆய்வில் உனக்கென்ன அக்கறை என்று பேராசிரியர் கேட்டார். அவனுக்கு இங்கிலீஷ் தொண்டையில் நின்றது. தமிழில், "எங்க கெணத்துத் தண்ணி செவப்பா வருது சார்" என்றான். அந்த ஒரு பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்று பின்னாளில் பேராசிரியரே சொன்னார்.

அவன் சொன்னது உள்ளது உள்ளபடிதான். ஆரணிப் பட்டுக்குச் சாயம் போடும் ஏழு பட்டறைகளும் ஒரே தெருவில் இருந்தன. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அப்புறம் தாமிர அண்டாக்களில் சாயத்தைக் கொதிக்கவைத்து கழிகளாகச் சுற்றிய நூலை முக்கி முக்கி எடுப்பார்கள். மிச்சத் தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் இறங்கும். வயல்களைச் சுற்றி வளைந்து கொல்லமேட்டுக் குட்டையில் வந்து தங்கும். குட்டையை ஒட்டித்தான் காலனிக் கிணறு. முன்னே சாயக்காரர்கள் கொஞ்சமாகப் போட்டபோது தெரியவில்லை. பட்டு வியாபாரம் பெருத்து, டப்பாச் சாயம் வந்து, பட்டறைகள் ராப்பகலாக ஓடத் தொடங்கியதும் கிணறு நிறம் மாறியது. ஆடிக்கு மாம்பழ மஞ்சள், தீபாவளிக்கு அரக்கு. சென்னைக் கடைகளில் எந்த நிறம் ஓடப்போகிறது என்பது முதலாளிகளுக்கு முன்னால் கொல்லமேட்டுப் பெண்களுக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீருக்கு வயல் நடுவில் நிலக்காரர் ஒரு நாட்டார் வைத்திருந்த பம்புசெட்டுக்கு நடந்தார்கள். கரண்டு இருந்தால் தண்ணீர். நாட்டாருக்கு மனசு இருந்தாலும் தண்ணீர். இரண்டும் சேர்ந்து வாய்க்கிற வேளை பார்த்துக் குடம் தூக்க வேண்டும்.

பேராசிரியரின் யோசனை எளிமையானது. ஏழு பட்டறையிலும் திறந்த அடுப்பு. எரிகிற விறகில் பாதிக்கு மேல் ஆகாயத்துக்குத்தான் சூடு போகிறது. ஏழு அடுப்பையும் அவித்துவிட்டு, புகைபோக்கி வைத்த பெரிய அடுப்பு ஒன்றைப் பொதுவில் கட்டி, வெந்நீரைக் குழாயில் எடுத்தால் விறகுச் செலவு பாதியாகும். மிச்சமாகிற பணத்தில் ஒரு தொட்டி கட்டிச் சுண்ணாம்பு போட்டு, மணல் வழியாக வடிகட்டிக் கழிவுத் தண்ணீரைத் தெளியவைத்து வெளியே விடலாம். பட்டறைக்காரன் கையிலிருந்து ஒரு காசு கூடுதலாகப் போகாது. தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டு ஐந்து வருஷமாகியும் கேட்பாரில்லை; சட்டம் செய்யாததை மிச்சம் செய்யும் என்பது அவர் கட்சி. எல்லப்பன் இதைத் தெருவில் சொல்லும்போது ஒரே வரியில் சொன்னான்: "வெறகுல மிச்சம் புடிச்சி அதுல தண்ணியக் கழுவுறதுங்க."

யாரும் நம்பவில்லை. விற்பனை வரி ஆள் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, எரிக்கிற விறகில் கால்வாசியைக் கணக்குச் சொன்னார்கள். அவன் தூக்குத் தராசு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்து நின்று, ஒவ்வொரு அடுப்புக்கும் போகிற கட்டைகளை நிறுத்துப் பார்க்கத் தொடங்கினான். தெரு அவனுக்கு 'விறகு சார்' என்று பேர் வைத்தது. அப்பன் அதே விறகைப் பின்கட்டில் பிளந்துகொண்டிருப்பார். இவன் முன்கட்டில் நிறுத்துக்கொண்டிருப்பான். அந்தத் தெருவில் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காத்தவராயனே பையனுடைய மரியாதையை உத்தேசித்து அப்படி வைத்துக்கொண்டார்.

ஏழில் ஐந்து பட்டறைகள் பங்காளி வீடுகள். அவர்களுக்குப் பெரியவர் பச்சையப்பன். மற்ற இரண்டும் ஜெயவேலுடையதும் பரசுராமனுடையதும். வேறு வகையறா, பங்காளி உறவில்லை. பச்சையப்பன் தலையசைத்தால் ஐந்து வீடும் அசையும் என்று கண்டுகொண்ட எல்லப்பன், ஒரு வருஷம் முழுக்க அவரையே சுற்றினான். அவர் அதிகம் பேசாதவர். விரல்களில் ஏறிய நிறம் போகாமல் நகக்கண் எப்போதும் கருநீலமாக இருக்கும். அவருடைய தாய் அபிதகுசாம்பாள் புகையில் இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எல்லப்பன் புகைபோக்கியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் உள்ளேயிருந்து, "அது வந்தா இந்தப் பொகை இருக்காதாடா?" என்று கேட்டாள். இருக்காது என்றான். "அப்ப கட்டித் தொலைங்களேன்டா" என்றாள். கட்டுவதென்று அன்றைக்குத்தான் முடிவாயிற்று.

சங்கம் பதிந்து, வங்கியில் கடன் வாங்கி, தெருக்கோடிப் புறம்போக்கில் கொட்டகை போட்டு, பக்கத்தில் தொட்டியும் கட்டி, எண்பத்திரண்டு தை மாசம் பொது அடுப்பு எரிந்தது. ஏழு வீட்டு அண்டாக்களும் அந்தக் கொட்டகைக்கே வந்துவிட்டன.

அடுப்பை மூட்டுவதில் ஒரு வழக்கம் குறுக்கிட்டது. அந்தத் தெருவில் பட்டறை அடுப்பைத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க மாட்டார்கள். விடிந்ததும் வீட்டுச் சமையலடுப்பிலிருந்து ஓட்டுச் சில்லில் நெருப்பு எடுத்துக்கொண்டு போய்த்தான் மூட்டுவார்கள். வீட்டு அடுப்புக்குப் பிறந்த பிள்ளை பட்டறை அடுப்பு என்பது அவர்கள் கணக்கு. பொது அடுப்புக்கு எந்த வீட்டு நெருப்பு? பெரியவர் என்ற முறையில் பச்சையப்பன் வீட்டு நெருப்பு என்று ஏழு பேரும் மனமொத்துச் சொன்னார்கள். ஜெயவேலும் பரசுராமனும்கூட முகம் சுளிக்கவில்லை. எல்லப்பனுக்குச் சந்தோஷம். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல அடையாளம் உண்டா என்று பேராசிரியருக்கு எழுதினான். அவரும் அதை ரசித்து அடுத்த கருத்தரங்கில் சொன்னார்.

மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. விறகு பேராசிரியர் சொன்ன அளவுக்குக் குறையவில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. தொட்டியில் சாயம் வண்டலாக அடியில் தங்கி மேலே பழுப்புத் தண்ணீர் வழிந்தது. கோடையில் கொல்லமேட்டார் குட்டையின் சேற்றையும் கிணற்றையும் தூர் வாரினார்கள். எல்லப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். ஆனி மாசம் ஒரு மழை பெய்து ஊறிய தண்ணீரைச் சின்னபொண்ணு சேந்திப் பித்தளைச் செம்பில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நிறமில்லை. சோப்பு வாடையில்லை. அவள் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவனும் குடித்தான். பிறகு காலனி முழுக்கக் குடித்தது. பம்புசெட்டுப் பாதையில் புல் முளைக்கத் தொடங்கியது. எம்.ஏ. படிச்சா தண்ணி வரும்னு தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே என்று கிணற்றடியில் ஒருத்தி சொல்லி எல்லாரும் சிரித்ததாகச் சின்னபொண்ணு வந்து சொன்னபோது, அவனுக்குப் பட்டம் வாங்கிய நாளில்கூட இல்லாத பெருமை வந்தது.

புரட்டாசி பிறந்து சில நாளில் அபிதகுசாம்பாள் செத்துப்போனாள்.

தெருவில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுதாத விதி இருந்தது. சாவு வீட்டில் கருமாதி முடிகிறவரை அடுப்பெரியாது. பதினாறு நாள் உறவுக்காரர் வீட்டுச் சோறுதான். வீட்டு அடுப்பு இல்லையென்றால் அந்த வீட்டுப் பட்டறை அடுப்பும் இல்லை. மற்ற பங்காளிகள் பால் ஊற்றிய மறுநாள் தலைமுழுகிவிட்டுத் தங்கள் தங்கள் அடுப்பை மூட்டிக்கொள்வார்கள். அயலார் அன்றைக்கே மூட்டுவார்கள். ஏழு அடுப்பு இருந்த காலத்தில் யாருக்கும் இதில் பேஜார் இல்லை. இப்போது இருப்பது ஒரே அடுப்பு. அதில் எரிவது சாவு வீட்டு நெருப்பு.

அடுப்பு அவிந்தது. கொட்டகையில் ஏழு வீட்டு நூலும் பசை எடுக்காமல் மஞ்சளாய்த் தொங்கியது. தீபாவளிக்கு நெய்து முடிக்க வேண்டிய சேலைகளுக்கு இந்த வாரம் சாயம் ஏறி நூல் தறிக்குப் போனால்தான் உண்டு. பதினாறு நாள் பொறுத்தால் வருஷத்தின் பெரிய வியாபாரம் போய்விடும்.

பால் ஊற்றிய மறுநாள் காலையில் ஏழு பேரும் கொட்டகையில் கூடினார்கள். பச்சையப்பன் ஈர வேட்டியோடு வந்து ஓரமாக, தரையில் உட்கார்ந்தார். வேறு பங்காளி வீட்டு நெருப்பை எடுக்கலாமே என்று பேச்சு வந்தது. பெரியவர் தீட்டில் இருக்கும்போது அவர் அடுப்பில் நாங்கள் கை வைப்பதா என்று நான்கு பங்காளிகளும் பின்வாங்கினார்கள். என் வீட்டிலிருந்து எடுக்கிறேன் என்றார் ஜெயவேல். அதற்கும் அவர்கள் ஒப்பவில்லை. இன்றைக்கு அவர் வீட்டு நெருப்பு வந்தால் நாளைக்கு அடுப்பே அவர் வீட்டுது என்று ஆகிவிடாதா என்றார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

ஜெயவேல் பச்சையப்பனைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவரே, உங்க துக்கம் எங்க துக்கம். இல்லன்னு சொல்லல. ஆனா கடைக்காரன் அனுப்பிச்ச ஆளு காலையிலேர்ந்து என் வூட்ல வந்து குந்திகினு கீறான். அவனுக்கு இன்னா பதில் சொல்லட்டும்?"

"எங்கம்மா வெந்த சாம்பல் இன்னும் சூடு ஆறல ஜெயவேலு" என்றார் பச்சையப்பன். "அதுக்குள்ள எங்க வூட்டு நெருப்பு எரியணுமா?"

எல்லப்பன் எழுந்தான். கொல்லமேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வரும்போதே இதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தான். கம்பெனியும் சங்கமும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். உறுப்பினர் சாவதும் பிறப்பதும் அதைத் தொடாது. இதை அவன் எம்.ஏ. பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறான்.

"ஐயா, இது உங்க வூட்டு அடுப்பு இல்லீங்களே. சங்கத்து அடுப்பு. சங்கத்துக்கு அம்மாவும் கெடையாது, அப்பனும் கெடையாது. சங்கத்துக்கு ஏதுங்க தீட்டு?"

பரசுராமன் தொடையில் தட்டிக்கொண்டு, படிச்சவன் படிச்சவன்தான் என்றார். பச்சையப்பன் தலை நிமிர்ந்து எல்லப்பனைப் பார்த்தார். கோபமில்லை. வழி தப்பி வந்தவன் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"அப்ப அந்தச் சங்கத்துல நான் யாரு தம்பி?"

சங்கத்தில் எல்லாரும் உறுப்பினர், நீங்கள் தலைவர் என்று எல்லப்பன் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி அதுவல்ல என்று அவனுக்குப் புரிந்தது. தாய்க்காக அவிக்க முடியாத அடுப்பு எப்படித் தன் அடுப்பாகும் என்று அவர் கேட்கிறார். தன் அடுப்பு இல்லையென்றால் அதற்காக அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? சேர்ந்து தொழில் செய்வதைப் பற்றி அவன் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. கிணறு மட்டும் கண்ணுக்குள் நின்றது. அந்த அவசரத்தில்தான் அடுத்ததைச் சொன்னான்.

ஏழு வீட்டையும் சேராத ஆள் ஒருவர் மூட்டினால் யாருக்கும் உரிமையும் இல்லை, தீட்டும் இல்லை என்றான். கருமாதி வரைக்கும்தான், அப்புறம் பழையபடி ஆகட்டும் என்றான். இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று இரண்டொரு தலைகள் நிமிர்ந்தன. யாரை வைப்பது என்று பரசுராமன் கேட்டார்.

"எங்க நைனா இருக்காருங்க. அடுப்பு வேலை தெரிஞ்சவரு. இத்தினி வருஷமா அவரு பொளந்த வெறகுதான எரிஞ்சிகினு கீது."

கொட்டகைக்குப் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கோடாலிச் சத்தம் நின்றிருந்தது. காத்தவராயன் காதில் விழுந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் மேல்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ஜெயவேல்தான் பேசினார், மிகவும் தன்மையாக.

"வெறகு வேற தம்பி. நெருப்பு வேற."

எல்லப்பன் பச்சையப்பன் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தான். அவர் தரையிலிருந்த வண்டலை விரலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ டீ சொல்லியனுப்பினார்கள். எல்லப்பனுக்கும் டீ வந்தது, கடையிலிருந்து வந்த கண்ணாடிக் கிளாஸில். மற்றவர்களுக்கு ஜெயவேல் வீட்டிலிருந்து வந்த டம்ளர்கள். மூன்று வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவனுக்கு அதைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் பரசுராமன் தன் அண்டாவைக் கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பின்கட்டு அடுப்பில் வைத்தார். அதற்கு அடுத்த நாள் ஜெயவேல். பங்காளிகளும் ஒவ்வொருவராகத் தலைமுழுகிவிட்டு அண்டாவை எடுத்துப்போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. தீபாவளிக்கு மட்டும் இப்படி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பின்கட்டுக் கழிவு தொட்டிக்குப் போக வழியில்லை. நேரே வாய்க்காலில் இறங்கியது.

முதல் அண்டா போன அன்றே மாலை வீடு திரும்பும்போது எல்லப்பன் மதகடியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். புல் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. குட்டையில் சேர்ந்து, கிணற்றில் கசிய இன்னும் நாளாகும். அதற்குள் சரிசெய்துவிடலாம். வீட்டில் சின்னபொண்ணு ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டதற்கு வெயில் என்றான்.

சென்னைக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தான். அவர் நல்ல மனிதர். ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். வீட்டு நெருப்பைப் பற்றி அவன் முன்பு எழுதியதை எடுத்துவந்து மறுபடி படித்தார். நாம் ரசித்தோமே தவிர யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்புறம், ஆய்வைப் பொறுத்தவரை தோல்வியும் ஒரு முடிவுதான், மனம் தளர வேண்டாம் என்றார். ஒத்துழைப்பு ஏன் முறிந்தது என்று ஓர் அத்தியாயம் எழுதச் சொன்னார். நிர்வாகக் கட்டமைப்பு போதாமை என்று தலைப்பும் கொடுத்தார்.

எல்லப்பன் தன் அப்பன் பெயர் வந்ததையும் அதற்கு வந்த பதிலையும் சொன்னான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அதை எழுதலாம், ஆனால் அது சமூகவியலுக்குள் போய்விடும், நம்முடையது பொருளாதாரம் என்றார்.

"கெணறு சார்?" என்றான் எல்லப்பன்.

"அது நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வரலியேப்பா" என்றார் அவர். அந்த மாசக் கடைசியோடு நிதி முடிகிறது, கள வேலையும் முடிகிறது, அத்தியாயத்தைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று மெல்லச் சொன்னார். பஸ் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

கருமாதி கழிந்த மறுநாள் விடியலில் எல்லப்பன் தெருவுக்குப் போனான். பெரியவர் அடுப்பை மூட்டினால் மற்றவர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை அவனுக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. நினைத்தபடியே பச்சையப்பன் மொட்டைத் தலையோடு, கையில் ஓட்டுச் சில்லில் நெருப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கொட்டகையில் அவருடைய அண்டா மட்டும் இருந்தது. ஏழு வீட்டுப் பின்கட்டில் ஆறில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஓர் அண்டாவுக்காக அந்தப் பெரிய அடுப்பை எரித்தால் ஒரு வண்டி விறகு ஒரு நாளுக்குக் காணாது. அவர் அடுப்பு வாயின் எதிரில் நின்றார். சில்லில் கங்கு சாம்பல் பூத்தது. தெருவில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை.

எல்லப்பன் கிட்டே போனான். அவர் அவனைப் பார்த்து, "உங்கப்பன் கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். என்ன சொல்லச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. முடிக்காமலே வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அன்று பகலிலேயே அவர் வீட்டுப் பின்கட்டிலும் புகை வந்தது. காத்தவராயன் அங்கேதான் விறகு பிளந்துகொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லப்பன் வீட்டுக்கு வந்தபோது சின்னபொண்ணு வாசலில் குடத்தைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செம்பு. அதில் வெளிர்சிவப்பாகத் தண்ணீர். அவன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும் மாமா?"

அவன் சொன்னான். மதகடியில் பார்த்த நாளைச் சொன்னான். நடுவில் சென்னைக்குப் போனதைச் சொன்னான். சரிசெய்துவிடலாம் என்று நினைத்ததைச் சொன்னான். செம்பிலிருந்ததை வாசலில் ஊற்றினாள். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

"சொல்லிருந்தா அண்டா, பானை எல்லாத்துலயும் சேந்தி ரொப்பி வெச்சிருப்பமே" என்றாள். "நல்ல தண்ணி அத்தினி நாள் இருந்திச்சே."

பொது அடுப்பு நின்றதற்கு அவள் காரணம் கேட்கவில்லை. சங்கம், தீட்டு, ஜெயவேல் சொன்ன வார்த்தை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நிறையாமல் போன பானைகளை மட்டும்தான் அவள் கேட்டாள்.

சாயங்காலம் பம்புசெட்டில் கரண்டு வந்த சத்தம் கேட்டதும் காலனிப் பெண்கள் குடங்களோடு கிளம்பினார்கள். மூன்று மாசப் புல்லை மிதித்துக்கொண்டு வரிசை போனது. எல்லப்பன் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு சின்னபொண்ணுக்குப் பின்னால் நடந்தான். ஆம்பிளை குடம் தூக்கி வருவதை யாரும் கேலி செய்யவில்லை. பம்புசெட்டுத் தொட்டியருகில் அவன் கடைசி ஆளாக நின்றான். முன்னால் நின்றிருந்த நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நீ முன்னாடி போய்ப் புடிச்சிக்க எல்லப்பா" என்றாள் அம்மணி என்கிற கிழவி, உண்மையான மரியாதையோடு. "நாளைக்கிக் காலைல வேலைக்கிப் போவணும் நீ. எழுதற வேலை எவ்ளோ இருக்குமோ."

நாளைக்கு அவனுக்கு வேலை எதுவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.